ஃப்ரீயா வாசிச்ச பியானோ மேல ஆர்கெஸ்ட்ரா போடறது: கிளிக்கும் இல்ல, 440ம் இல்ல, என்ன பண்றது?

கோத்தகிரி_கருப்புக்கட்டை:

எல்லாருக்கும் வணக்கங்க. ரொம்ப நாளா சும்மா படிச்சுட்டு போயிட்டு இருந்தவ, இன்னிக்கு தான் முதல் முறையா எழுதறேன், நீளமா போயிருச்சு, பொறுத்துக்கோங்க.

நான் கோத்தகிரி பக்கம், டீ ஃபேக்டரி ஒண்ணுல கணக்கு பாக்கறேன். வீட்ல ஒரு பழைய அப்ரைட் பியானோ இருக்கு. தாத்தா எஸ்டேட் பங்களாவுல பட்லரா இருந்தவரு, துரை ஊருக்குக் கிளம்பறப்ப இதை எங்க தூக்கிட்டு போறதுன்னு தாத்தாகிட்டயே விட்டுட்டு போயிட்டாராம், முன்னாடி மெழுகுவத்தி வைக்கற பித்தளைக் கை ரெண்டும் இன்னும் அப்படியே இருக்கு. நான் பியானோ கிரேடு 5 வரைக்கும் தான் படிச்சேன். ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சு பசங்க தூங்கினதுக்கு அப்புறம் மனசுல தோணுறதை வாசிப்பேன், எழுதி வைக்க மாட்டேன், பேரும் கிடையாது, போன்ல ரெக்கார்டு பண்ணி தேதி மட்டும் போட்டு வைப்பேன். இப்ப 40 ஃபைலுக்கு மேல சேர்ந்திருச்சு.

அதுல ஒண்ணை ஒரு குரூப்ல போட்டிருந்தேன். டொரண்டோல இருக்கற யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தர் கேட்டுட்டு, இதுக்கு ஸ்ட்ரிங்ஸ் போட்டுப் பாக்கட்டுமான்னு கேட்டாரு. எனக்கு தலைகால் புரியல, உடனே சரின்னு அனுப்பிட்டேன். மூணு வாரம் கழிச்சு திரும்பி வந்துச்சு. முதல் பத்து செகண்டு உடம்பெல்லாம் புல்லரிச்சுது, பொய் சொல்லல. அதுக்கப்புறம் என்னமோ இடிக்குது. நான் திருப்பத்துல கொஞ்சம் நின்னு மூச்சு விட்டு போற இடம் எல்லாம் காணோம், யாரோ பின்னாடி இருந்து தள்ளுற மாதிரி ஒரே சீரா ஓடுது. வயலினும் பியானோவும் ஒண்ணோட ஒண்ணு சேராம, நல்லா இருக்கற ஆர்மோனியத்துக்குப் பக்கத்துல சுருதி போன ஆர்மோனியத்தை வச்ச மாதிரி ஒரு அலை அலையா கேக்குது. நான் வாசிக்கற மெலடியவே வயலினும் முழுசா வாசிக்குது. மொத்தத்துல கல்யாண வீடியோல பொண்ணு மண்டபத்துக்குள்ள வர்ற சீன் மாதிரி ஆயிருச்சு.

அவ்வளவு உழைச்சு அனுப்பிச்சவருகிட்ட இதை எப்படிங்க சொல்றது? கிளிக் (தாளம் காட்டற டிக் டிக் சத்தம்) போட்டு திரும்ப வாசிச்சு குடுத்துடலாமான்னு முயற்சி பண்ணேன், ஹெட்ஃபோன்ல டிக் டிக்னு கேட்டாலே கை மரக்கட்டையாயிடுது, வர்றது வேற ஏதோ. சுருதிக்கு என்ன வழி? டியூனர் ஆப்ல பாத்தா 440 ஹெர்ட்ஸ்ல இருக்க வேண்டிய ஏ சுரம் 432னு காட்டுது. இந்த மாதிரி இருந்த இடத்துல இருந்தே சேர்ந்து பண்றவங்க எந்த ஃபைலை எப்படி அனுப்பிக்கறீங்க, யாரு எதை முடிவு பண்றீங்க? பேரு யாரோடதுன்னு போடறது?

குன்னூர்க்காரன்:

அக்கா நம்ம பக்கமா, சந்தோஷம். மத்ததெல்லாம் பெரியவங்க சொல்வாங்க, சுருதி கதை மட்டும் நான் சொல்றேன், எங்க வீட்லயும் ஒரு கிழட்டு பியானோ இருக்கு.

432ன்னா 440க்கு 32 சென்ட் கீழ, அதாவது அரை ஸ்வரத்துல மூணுல ஒரு பங்கு. அவரு சாஃப்ட்வேர்ல இருக்கற வயலின் எல்லாம் 440ல இருக்கும், ரெண்டும் சேர்ந்து ஏ வாசிச்சா செகண்டுக்கு 8 தடவை அலை அடிக்கும், நீங்க சொன்ன ஆர்மோனியம் அது தான். இந்த வயசான பியானோவ 440க்கு ஏத்துங்கன்னு டியூனர்கிட்ட கேட்டா கும்பிடு போட்டுட்டு போயிடுவாரு, கம்பி அறுந்துரும், முளை லூசா இருக்கும், நிக்காது. அதனால பியானோ ஏறாது, ஆர்கெஸ்ட்ரா தான் இறங்கணும். எல்லா சாம்பிளர்லயும் (ரெக்கார்டு பண்ணி வச்ச வாத்திய சத்தத்தை வாசிக்கற சாஃப்ட்வேர்) ஃபைன் டியூன் இருக்கு, மைனஸ் 32 வச்சா முடிஞ்சுது. பியானோ ஆடியோவ சாஃப்ட்வேர்ல ஏத்தாதீங்க, தகர டப்பா மாதிரி ஆயிடும்.

ஆனா ஒரு விஷயம். நீங்க இப்ப தை மாசத்துல பாத்து 432ங்கறீங்க. அந்த ஃபைல் எப்ப வாசிச்சது? நம்ம ஊர்ல ஈரம் ஏறுனா சவுண்ட்போர்டு பலகை உப்பி கம்பிய இழுக்கும், சுருதி மேல போகும், காஞ்சா இறங்கும், அதுவும் நடு ஆக்டேவ்ல தான் ஜாஸ்தி ஆட்டம் காட்டும். அதனால பியானோவ அளக்காதீங்க, ஃபைலை அளங்க. ஈரம் ஏறாம இருக்க உள்ள பல்பு போட்டு வச்சிருக்கீங்களா? நான் கீழ பெடல் பக்கத்துல ஒரு 40 வாட் குண்டு பல்பு எரிய விட்டிருக்கேன், துணியில இருந்து தள்ளி, கூடவே நாலு நாப்தலின் உருண்டை, இல்லன்னா ஃபெல்ட்டை பூச்சி தின்னுடும்.

கோத்தகிரி_கருப்புக்கட்டை:

அட ஆமாங்க தம்பி! அது கார்த்திகை மழைல வாசிச்சது. எங்களுக்கு தொட்டபெட்டா மறைச்சுக்கறதால கூடலூர் மாதிரி ஆடி மழை இல்ல, ஐப்பசி கார்த்திகைல தான் கொட்டும். இப்ப ஃபைலை டியூனர்ல காட்டுனேன், 435 வருது. பல்பு போட்டதில்ல, இன்னிக்கே வாங்கறேன்.

சாலிகிராமம்_கீஸ்:

மேடம், நான் சென்னைல ஸ்டுடியோக்கள்ல கீஸ் (கீபோர்டு) புரோகிராமிங் பண்றவன், பதினஞ்சு வருஷமா இதே பொழப்பு. உங்க கேஸ்ல நடந்தது என்னன்னா அவரு தன்னோட பிராஜெக்ட்ல ஒரே டெம்போ (தாள வேகம்) வச்சுட்டு உங்க பியானோவ அதுக்குள்ள இழுத்து உக்கார வச்சிருக்காரு. இது பாட்டு ரெக்கார்டிங்குல வர்ற பழக்கம், எல்லாமே கிளிக்குல வரும்ல, கை தானா அங்க போயிடும். ஃப்ரீயா வாசிச்சதுக்கு இது ஆகவே ஆகாது. இங்க பியானோ தான் கண்டக்டர். பார் கோடு, அதான் பீட்டை பார் பாரா பிரிக்கற கோடு, பியானோ பின்னாடி போகணும், பியானோ கோட்டுக்கு பின்னாடி போகக்கூடாது.

நான் பண்றது இப்படி. வேவ் ஃபைலை ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல போட்டு முதல் வேலையா பிராஜெக்ட் செட்டிங்ஸ்ல டைம்பேஸை டைம்னு மாத்திடுவேன், இத மறந்தீங்கன்னா நீங்க டெம்போ மார்க்கர் வைக்க வைக்க பியானோ ஆடியோவே ரப்பர் மாதிரி இழுபடும், நான் ஒரு தடவை ரெண்டு நாள் வேலைய இதுல தொலைச்சேன். அப்புறம் கண்ணை மூடிட்டு பாட்டைக் கேட்டுக்கிட்டே கீபோர்டுல ஒரு கட்டையை பீட்டுக்கு ஒண்ணா தட்டி மிடியா (சத்தம் இல்ல, எந்தக் கட்டை எப்ப அமுக்குனதுங்கற குறிப்பு மட்டும்) ரெக்கார்டு பண்ணிப்பேன். மூணு நாலு தடவை தட்டுனா கைக்கு மூச்சு புரிஞ்சிடும். அந்த தட்டல பாத்து ஒவ்வொரு பாருக்கும் ஒரு மார்க்கர். ஒரு பார் நிமிஷத்துக்கு 58 பீட் வரும், அடுத்தது 47 வரும், நீங்க நின்னு மூச்சு விடற இடத்துல 30க்கு கூட போகும், போகட்டும். பீட்டு விட்டுப்போற இடத்துல பயப்படாம 5/4, 7/8னு பார் போட்டுடணும், தனியா வாசிக்கறவங்க யாரும் நாலு நாலா எண்ணிட்டு வாசிக்கறதில்ல. மூணு நிமிஷ பீஸுக்கு ஒரு சாயங்காலம் ஆகும். போரான வேலை தான், ஆனா இதுல தான் எல்லாமே இருக்கு.

இந்த மார்க்கர் எல்லாம் சேர்ந்தது தான் டெம்போ மேப், இதை யாரு போடணும்னா நீங்க போடணும், இல்ல குறைஞ்சது தட்டல் உங்களோடதா இருக்கணும். பீட் எங்கன்னு வாசிச்சவங்களுக்கு தான் தெரியும், வெளிய இருந்து கேக்கறவன் உங்க ஆஃப் பீட்டை டவுன் பீட்டுன்னு (பாரோட முதல் பீட்டுன்னு) நினைச்சுப்பான், அதோட அந்த அரேஞ்ச்மெண்ட் முழுக்க ஒரு கால் நொண்டும். மேப் ரெடியானதும் அதை மிடி ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணுங்க, டெம்போ அதுக்குள்ளயே போயிடும். அவரு எந்த சாஃப்ட்வேர் வச்சிருந்தாலும் அதை இம்போர்ட் பண்ணா உங்க பார் கோடு அவருக்கும் அதே இடத்துல விழும். ரெண்டு பேரும் அனுப்பற எல்லா ஆடியோவும் ஜீரோல இருந்து ஆரம்பிக்கணும், செல்லோ ரெண்டாவது நிமிஷத்துல தான் வருதுன்னாலும் முன்னாடி சத்தமே இல்லாத வெத்து ரெண்டு நிமிஷத்தோட வேணும். 48 கே, 24 பிட் வேவ். டிரைவ்ல போடுங்க, வாட்ஸாப்னா டாக்குமெண்டா மட்டும் அனுப்புங்க, ஆடியோவா அனுப்புனா அது நசுக்கி தான் குடுக்கும்.

இன்னொண்ணு, சாம்பிள் ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் கட்டையை அமுக்குன உடனே பேசாது, லெகாட்டோ (சுரத்தை இழைச்சு வாசிக்கற) பேட்ச்னா 100 மில்லிசெகண்டு கூட லேட் ஆகும், பியானோ சுத்தியல் உடனே அடிக்கும். டிராக் டிலேய மைனஸ்ல வச்சு முன்னாடி இழுக்கணும், இல்லன்னா உங்களுக்கு வயலின்காரங்க எல்லாம் தூக்கத்துல வாசிக்கற மாதிரி இருக்கும்.

டீத்தூள்_நம்பர்1:

இவ்வளவு கஷ்டம் எதுக்கு, ஏஐ கிட்ட குடுத்தா ரெண்டு நிமிஷத்துல முழு ஆர்கெஸ்ட்ரா போட்டு குடுக்குமே.

குன்னூர்க்காரன்:

அப்ப பியானோ வாசிக்கற வேலையையும் அதுகிட்டயே குடுத்துட்டு அக்கா சீக்கிரம் தூங்கலாம். அது இருக்கட்டும், எனக்கு ஒரு டவுட்டு, இந்த ஃபைல் அனுப்பற ரோதனை இல்லாம ரெண்டு பேரும் நேரா ஆன்லைன்ல சேர்ந்து வாசிக்க முடியாதா? ஜாமுலஸ்னு ஒண்ணு இருக்குதாமே.

சாலிகிராமம்_கீஸ்:

கோத்தகிரிக்கும் கோயமுத்தூருக்கும்னா வயர்ல கனெக்ட் பண்ணி ட்ரை பண்ணலாம். டொரண்டோக்கு வாய்ப்பே இல்ல. சத்தம் காத்துல 10 மீட்டர் போக கிட்டத்தட்ட 30 மில்லிசெகண்டு, அந்த தூரத்துல நின்னு வாசிக்கறவங்களுக்கே ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருந்து தாளம் மெல்ல மெல்ல இறங்கும். டொரண்டோ 13,000 கிலோமீட்டருக்கு மேல, ஃபைபர்ல வெளிச்சமே போய்ச் சேர ஒரு பக்கத்துக்கு 65 மில்லிசெகண்டு, நிஜத்துல அதைவிட எவ்வளவோ ஜாஸ்தி. அங்க ஆள் பகல்ல இருந்தா இங்க நடுராத்திரி வேற. ஃபைல் தான் வழி.

வில்பட்டி_செல்லோ:

யக்கா வணக்கம், நான் கொடைக்கானல் பக்கம் வில்பட்டி. பிள்ளைகளுக்கு ஸ்ட்ரிங்ஸ் சொல்லிக் குடுக்குறேன். டெம்போ, சுருதி எல்லாம் மேல தெளிவா சொல்லீட்டாய்ங்க. நான் அந்த கல்யாண வீடியோ விசயத்துக்கு வாரேன்.

பியானோவே ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா தான? தனியா வாசிக்கிறவங்க பத்து விரலையும் வச்சு பேஸ், கார்டு, மெலடி எல்லாத்தையும் நிரப்பித்தான் வாசிப்பாங்க, வேற ஆள் இல்லைல. இலை முழுக்க சோறு இருக்கையில மேல எதக் கொண்டாந்து வைக்கிறது? வைக்கிறவரு பாவம் இருக்கிற மெலடி மேலேயே வயலினை ஊத்திருவாரு. முசோர்க்ஸ்கி 1874ல பியானோவுக்கு மட்டும்னு எழுதுன படக் கண்காட்சி தொகுப்ப ராவேல் 1922ல ஆர்கெஸ்ட்ராவுக்கு மாத்துனாரு, எல்லாரும் அதத்தான் உதாரணம் சொல்வாய்ங்க. ஆனா அதுல பியானோவையே தூக்கிட்டுல்ல செஞ்சாரு. உங்க சோலி வேற, பியானோவும் நிக்கணும், கூட ஆளும் நிக்கணும். அதனால முதல்ல என்னத்த போடலாம்னு யோசிக்காம, பியானோல செய்ய முடியாதது எதுன்னு யோசிங்க. பியானோல ஒரு சுரத்த அடிச்சாச்சுன்னா அப்பறம் அது தேயுமே ஒழிய வளராது. வில்லு போட்டா ஒரே சுரத்த பூனை நடை மாதிரி ஆரம்பிச்சு பெருசாக்கலாம். நீங்க ஒரு கார்டு அடிச்சு நாலு செகண்டு விட்டு அது சாகுறதக் கேக்குறீங்கள்ல, அந்த இடத்துல அதுக்குள்ள இருக்கிற ஒரே ஒரு சுரத்த வயோலா, அதான் வயலினை விடக் கொஞ்சம் பெருசு, வாங்கிக்கிடணும். பியானோ எப்ப முடிஞ்சது, வயோலா எப்ப தொடங்குச்சுன்னு கேக்குறவனுக்குத் தெரியக்கூடாது. அந்த ஒண்ணு போதும், முப்பது வயலின் வேணாம்.

இடது கைய அப்படியே செல்லோவுக்கும் டபுள் பேஸுக்கும் எழுதிக் குடுக்கிறது இன்னொரு வினை. பெடல அமுக்கிட்டு கீழ்க் கட்டைல கிட்டக் கிட்ட மூணு சுரம் வைப்பீங்க, பியானோல அது மேகம் மாதிரி இருக்கும், அதையே செல்லோ கும்பல் வாசிச்சா சேறு தான். கீழ ஆக்டேவ விரிச்சு வச்சுட்டு உள்சுரங்கள மேல ஏத்தணும். பெடலும் ஆர்கெஸ்ட்ராவுல கிடையாது, யாராவது பிடிச்சுக்கிட்டு நிக்கணும், ஃப்ரெஞ்ச் ஹார்ன்னு ஊதுற பித்தளை வாத்தியக்காரரையோ வயோலாவையோ நிக்க வைக்கணும். வயலினுக்கு நடு சி-க்குக் கீழ இருக்கிற ஜி தான் கடைசி, அதுக்குக் கீழ கம்பியே இல்ல, உங்க மெலடி எஃப் வரைக்கும் இறங்குச்சுன்னா அந்த வரி வயோலாவுக்குத்தான்.

எந்த ஸ்கேல்ல வாசிக்கிறீங்க? பேரப் பாத்தா கருப்புக் கட்டைல தான் விளையாடுவீங்க போல.

கோத்தகிரி_கருப்புக்கட்டை:

பிடிச்சுட்டீங்க. கை தானா இ ஃபிளாட் மைனர்ல தான் போய் விழுது, கருப்புக் கட்டை உயரமா இருக்கறதால குளிர்ல விறைச்ச விரலுக்கு ஈசியா இருக்குன்னு நினைக்கறேன். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்.

நீங்க இலை முழுக்க சோறுன்னு சொன்னதும் திரும்ப போய்க் கேட்டேன், உண்மை தாங்க, ரெண்டு செகண்டு கூட நான் சும்மா இருக்கல. அப்ப இடது கைய குறைச்சு திரும்ப வாசிச்சுக் குடுக்கறதா?

வில்பட்டி_செல்லோ:

இ ஃபிளாட் மைனரா, ஆறு ஃபிளாட்டு! எங்களுக்கு திறந்த கம்பி ஒண்ணு கூட உதவாது, சாம்பிளுக்கு வலிக்காது, எனக்கு வலிக்கும். இருந்தாலும் ஒரு வரி வேணும்னா நான் செல்லோ வாசிச்சு அனுப்புறேன் யக்கா, காசெல்லாம் வேணாம். 435க்கு இறக்குறது எனக்கு அரை நிமிச வேலை. கிளாரினெட், புல்லாங்குழல்காரவங்களுக்குத்தான் அவ்வளவு கீழ இறக்குறது கஷ்டம், அதப் பாத்துக்கிடச் சொல்லுங்க. சாம்பிள் கூட்டத்துக்கு நடுவுல நிசமா ஒரே ஒரு ஆளு வாசிச்சாலும் காது மொத்தத்தையும் நம்பிரும்.

ரெண்டாவது வாட்டி வாசிக்கிறதப் பத்தி, முழுசா திருப்பி வாசிக்காதீங்க, அந்த ராத்திரி திரும்ப வராது. புதுசா ஒண்ணு வாசிக்கையில கூட இன்னொரு ஆள் உக்காந்திருக்கிறதா நெனச்சுட்டு வாசிங்க.

ஸ்கார்பரோ_இரவு:

வணக்கம். அந்தக் கல்யாண வீடியோ ஆள் நான்தான்.

கூட்டாளி ஒருத்தன் லிங்க் அனுப்பினவன், இது உன்ர கதை மாதிரிக் கிடக்கு எண்டு. வாசிச்சுப்போட்டுச் சிரிச்சன், பேந்து கொஞ்சம் கவலையாயும் இருந்தது, உண்மையைச் சொல்லோணும். ஆனா தங்கச்சி, கோவம் ஒண்டும் இல்லை. எனக்கு நேரச் சொல்லியிருக்கலாம். நான் லொறி ஓடுற ஆள், வேலை முடிஞ்சு விடிய ரெண்டு மணிக்கு ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு இருந்து செய்யிறது இது, ஆரும் நல்லா இருக்கு எண்டு மட்டும் சொன்னா அடுத்த முறை என்ன செய்யிறது எண்டு எனக்கும் தெரியாது.

பியானோவை 72 டெம்போவில இழுத்து வச்சது என்ர பிழை. டெம்போ மேப் போடப் பஞ்சியாக் கிடந்தது, அவ்வளவுதான். சுருதி குறைவு எண்டு தெரிஞ்சது, பியானோவைத்தான் 20 சென்ட் ஏத்திப் பாத்தன், சத்தம் பழுதாப் போச்சு எண்டு திருப்பி விட்டுட்டன், வயலினை இறக்கலாம் எண்டு ஏனோ தோணேல்லை.

ஆனா வயலினால மெலடியை மூடினதுக்குக் காரணம் இருக்கு. உங்கட ரெக்கார்டிங்கில மழை. தகரக் கூரையில விழுற மழை போல, தொடக்கத்தில இருந்து முடிவு மட்டும் இருக்குது, மேல் சுரங்கள் அதுக்குள்ள அமிழ்ந்து போச்சு. நொய்ஸ் எடுக்கிற சாமானெல்லாம் போட்டுப் பாத்தன், பியானோவும் சேர்ந்து தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி வந்தது. அதை மறைக்கத்தான் மேல வயலினைப் போட்டனான்.

இன்னொண்டு கேக்கோணும். 1:42ல, இ ஃபிளாட் மைனரில போய்க்கொண்டிருக்கேக்க திடீரெண்டு ஒரு ஜி நச்சுரல் வருது. ஒரு கணம் எல்லாம் மேஜராகி வெளிச்சம் அடிச்ச மாதிரி, பிறகு நீங்கள் சட்டெண்டு திரும்பி ஜி ஃபிளாட்டுக்கு வாறீங்கள். நான் இந்த பீஸைச் செய்யப்போறன் எண்டு கேட்டதே அந்த ஒரு சுரத்தாலதான். அதுக்கு மட்டும் ஹார்ன் வச்சன். வயலின் சத்தத்துக்குள்ள அது உங்களுக்குக் கேட்டிருக்காது. அது வேணுமெண்டு வாசிச்சதோ?

கோத்தகிரி_கருப்புக்கட்டை:

அண்ணா!! நீங்க இங்க இருப்பீங்கன்னு சத்தியமா நினைக்கல, எனக்கு முகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. கல்யாண வீடியோன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க.

அந்த ஜி... அண்ணா, கீழ தோட்டத்துக்கு காட்டெருமை வந்து வேலித் தகரத்தை இடிச்சுது, நான் திடுக்குன்னு ஆகி விரல் வழுக்கிடுச்சு. இப்ப ஃபைல்ல உன்னிச்சு கேட்டா அந்த தகர சத்தமே லேசா கேக்குது. ஹார்ன் இருக்கறதே இப்ப தான் கேட்டேன், மூணு தடவை கேட்டேன்.

ஸ்கார்பரோ_இரவு:

அப்ப ஹார்னுக்கு மாட்டின்ர பேரைப் போடோணும்.

சாலிகிராமம்_கீஸ்:

எனக்கு சிரிச்சு முடியல. சரி மேடம், மழை விஷயம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் முதல்ல அங்க தான் ஆரம்பிச்சிருப்பேன். அடுத்த ரெக்கார்டிங்குக்கு, அப்ரைட்ல சவுண்ட்போர்டு பின்னாடி தான் இருக்கு, நீங்க சுவத்தோட ஒட்டி போட்டிருப்பீங்க, ஒரு அடி ரெண்டு அடி முன்னாடி இழுத்துட்டு அந்த சந்துல ஒரு கம்பளிய தொங்க விட்டு மைக்கை அங்க வச்சுப் பாருங்க. மேல் மூடிய திறந்து மேல இருந்து எடுக்கறதும் ஒரு வழி, சுத்தியல் சத்தம் கூட வரும், பழைய பியானோவுக்கு அது அழகா கூட இருக்கும். போன் தான்னா ஏரோபிளேன் மோட்ல போட்டு வேவ்ல எடுக்கற ஆப் வச்சுக்கோங்க.

சேர்ந்து வேலை பாக்கறதுல ஒரு பழக்கம் சொல்றேன். நல்லா இல்லன்னு சொல்லாதீங்க, நல்லா இருக்குன்னும் சொல்லாதீங்க. 0:35ல இருந்து 0:50 வரைக்கும் எனக்கு யாரும் வேண்டாம், 1:10ல பேஸ் மட்டும் இருக்கட்டும்னு நிமிஷம் போட்டு எழுதுங்க. அண்ணனும் முழு ஆர்கெஸ்ட்ரா போட்டு முடிச்சுட்டு காட்டாம, மியூஸ்ஸ்கோர்ல (நோட்டேஷன் எழுதற சாஃப்ட்வேர்) ரெண்டு வரி ஸ்கெட்ச் போட்டு பிடிஎஃப் அனுப்புங்க, மேடம் கிரேடு 5 முடிச்சவங்க, பாத்தா புரியும். மூணு வாரம் உழைச்சப்புறம் ஒண்ணை எடுக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது, அரை மணி நேர ஸ்கெட்ச்னா வரும்.

சட்டம்_கொஞ்சம்:

பேர் பத்திக் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. இந்தியாவோட 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்துல மியூசிக்கை அரேஞ்ச் பண்றதும், கேட்டு நோட்டேஷனா எழுதறதும் அடாப்டேஷன் (தழுவல்) கணக்குல வரும், அந்த உரிமை கம்போசர்கிட்ட இருக்கு. எழுதி வைக்காம வாசிச்சு ரெக்கார்டு மட்டும் பண்ணியிருந்தாலும் அந்தம்மா தான் கம்போசர். அவரு சொந்தமா சேர்த்த அரேஞ்ச்மெண்ட் மேல அவருக்கும் உரிமை உண்டு, ஆனா அந்தம்மா சம்மதம் இல்லாம அதை வெளியிட முடியாது. யாரோட பங்கு எதுன்னு பிரிச்சே சொல்ல முடியாத அளவுக்கு ரெண்டு பேரும் கலந்து பண்ணா தான் கூட்டுப் படைப்பு. உரிமை கம்போசர் காலத்துக்குப் பிறகு 60 வருஷம், கூட்டுப் படைப்புன்னா கடைசியா இறக்கறவர்ல இருந்து எண்ணணும். நட்பா இருக்கும்போதே ஒரு மெயில்ல எழுதிக்கோங்க: இசை யாரு, அரேஞ்ச்மெண்ட் யாரு, செல்லோ யாரு, காசு வந்தா எப்படி, ஒருத்தர் வேண்டாம்னா வெளியிடலாமா கூடாதா. பத்து வரி போதும். சண்டை வந்தப்புறம் எழுத முடியாது.

ஸ்கார்பரோ_இரவு:

எனக்குச் சம்மதம். இசை தங்கச்சி, அரேஞ்ச்மெண்ட் நான். காசு வந்தா முதல்ல அந்தத் தகர வேலியைத் திருத்துவம்.

கோத்தகிரி_கருப்புக்கட்டை:

அஞ்சு வாரம் கழிச்சு வந்திருக்கேன், என்ன ஆச்சுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

சாலிகிராமம் அண்ணா சொன்ன மாதிரி உக்காந்து தட்டுனேன். முதல் நாள் சிரிப்பா இருந்துச்சு, நான் வாசிச்சதுக்கு எனக்கே பீட்டு பிடிபடல, 1:20 கிட்ட எங்க ஒண்ணு எங்க ரெண்டுன்னே தெரியல. எட்டாவது தடவை தான் அது அஞ்சு அஞ்சா போகுதுன்னு புரிஞ்சுது, இத்தனை வருஷமா அஞ்சுல வாசிக்கறேன்னு எனக்கே தெரியாது பாருங்க. மேப் முடிஞ்சதும் டொரண்டோ அண்ணா ஸ்கெட்ச் அனுப்பினாரு, நான் நிமிஷம் போட்டு பதில் எழுதினேன், ஒரு இடத்துல எல்லாத்தையும் எடுங்கன்னு எழுதிட்டு அனுப்பவா வேண்டாமான்னு ராத்திரி பூரா முழிச்சுட்டு இருந்தேன், காலைல பாத்தா சரி எடுத்தாச்சுன்னு ஒரே வரி வந்திருந்துச்சு.

அந்த ஜி-ய மழை இல்லாத ராத்திரி சுத்தமா வாசிச்சு எடுத்து ஒட்டலாம்னு நான் தான் சொன்னேன். பியானோவ சுவத்துல இருந்து இழுத்து, கம்பளி தொங்க விட்டு, எல்லாம் பண்ணி இருபது தடவை வாசிச்சேன். சுரம் அதே சுரம் தான், ஆனா வரப்போகுதுன்னு கைக்குத் தெரிஞ்சிருச்சுங்க, ஒவ்வொரு தடவையும் அதுக்கு முன்னாடி ஒரு நொடி தயங்குது. அண்ணா கேட்டுட்டு, வேண்டாம் தங்கச்சி, மழையே இருக்கட்டும்னுட்டாரு. இப்ப வயலின் எல்லாம் போச்சு. வயோலா ஒண்ணு, டபுள் பேஸ் சில இடத்துல, 1:42ல ஹார்ன், அது முடிஞ்சு வில்பட்டி தம்பியோட செல்லோ 435ல. அது வர்ற இடத்துல பியானோ ஓயறதும் செல்லோ எடுக்கறதும் எனக்கே பிரிச்சு தெரியல. தகர சத்தத்தையும் யாரும் எடுக்கல, அண்ணா அதுக்கு மேல டிம்பனி முரசுல ஒரே ஒரு தட்டு வச்சிருக்காரு, அவ்வளவு மெல்லிசா.

செல்லோ இன்னும் ஒரு தடவை மிக்ஸ்ல கொஞ்சம் கீழ வரணும், கடைசி ஃபைல் இன்னிக்கு அப்லோடு பண்றதா இருந்தேன், மாசாந்திர பராமரிப்புன்னு காலைல இருந்து கரண்ட் இல்ல, போன் சார்ஜும் 11ல இருக்கு. வந்ததும் லிங்க் போடறேன்.

வில்பட்டி_செல்லோ:

கீழ இறக்குங்க யக்கா, நானே சொல்லணும்னு இருந்தேன்.

குன்னூர்க்காரன்:

அக்கா கரண்ட் இல்லன்னா உள்ள பல்பும் இல்ல. சாயங்காலம் மேகம் இறங்கறதுக்குள்ள பியானோ மேல ஒரு ஜமுக்காளத்தை போட்டு மூடிடுங்க, நாளைக்கு ஏ எவ்வளவுன்னு பாத்து சொல்லுங்க.